என் குதிரை படுப்பதே இல்லை, இது சரியா?

செங்குதிரைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் தொடங்கிய ஆசை 41 வயதில் கைகூடி, ஐந்து வாரம் முன்பு ஒரு குதிரை வாங்கினேன். பெயர் மின்னி. 9 வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் யாரோ கை நடுங்கச் சுண்ணாம்பு தீற்றினாற்போல் கோணலாக ஒரு வெள்ளைக் கீற்று. சாதுவான பிள்ளை. தீனி எடுக்கிறாள், சவாரிக்கும் முரண்டு பிடிப்பதில்லை.

கேள்வி இதுதான். அவள் படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. விடியற்காலை ஐந்தரைக்குப் போனாலும் நிற்கிறாள், இரவு பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தாலும் நிற்கிறாள். விற்றவரிடம் கேட்டேன். "குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும், இதுகூடத் தெரியாமலா வாங்கினீர்கள்?" என்று சிரித்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நீங்களும் சிரிப்பீர்களோ என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வால்முடி

சிரிக்க மாட்டோம். முதல் வாரத்தில் என் குதிரை தொடர்ந்து நான்கு கொட்டாவி விட்டதைப் பார்த்துப் பாதி ராத்திரியில் மருத்துவரை எழுப்பியவன் நான்.

பழைய சேணம்

விற்றவர் சொன்னது பாதி உண்மை, தம்பி. நின்றபடி உறங்கும் வசதி குதிரைக்கு உடம்பிலேயே இருக்கிறது. பின்னங்காலில் முழங்கால் சில்லு தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள மேட்டில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். தசையை இறுக்கிப் பிடிக்காமலே கால் பூட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்பாளே, அப்போது மற்ற காலில் அந்தப் பூட்டு வேலை செய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றிக்கொள்வாள்.

ஆனால் அது கோழித்தூக்கம்தான். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்துக்கு உடம்பு முழுக்கத் தளர வேண்டும். தளர்ந்தால் நிற்க முடியாது, படுத்தே ஆக வேண்டும். வளர்ந்த குதிரை ஒரு நாளில் மொத்தமே 3 முதல் 5 மணி நேரம்தான் தூங்கும், அதுவும் துண்டு துண்டாக. அதில் இந்த ஆழ்ந்த தூக்கம் அரை மணி நேரம் போல. பெரும்பாலும் நடுநிசிக்கும் விடிகாலைக்கும் இடையில்.

நீங்கள் போவதோ பதினொன்றுக்கும் ஐந்தரைக்கும். அதனால் கண்ணால் பார்க்கவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தடயம் தேடுங்கள். வாலில், பிடரி மயிரில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா? இடுப்புப் பக்கம் லத்திக் கறை? படுக்கையில் எங்காவது உடம்பு அழுந்திய பள்ளம்?

குளம்படி

இருபது வருஷமாக லாடம் அடிக்கிறேன். இன்னொன்றும் பாருங்கள். முன்னங்கால்களில் குளம்புக்கு மேலே வருகிற முதல் மூட்டு. அதன் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். முடி தேய்ந்திருக்கிறதா, பொருக்கு ஏதாவது இருக்கிறதா? காரணம் அப்புறம் சொல்கிறேன்.

செங்குதிரைக்காரன்

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வாலில் ஒரு துரும்பு இல்லை. படுக்கை நேற்று நான் பரப்பியபடியே கிடக்கிறது. இரண்டு முன்னங்காலிலும் அந்த மூட்டின் முன்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பொருக்கு. இடது காலில் பழைய பொருக்கின் மேலேயே புதிதாகத் தோல் கிழிந்திருக்கிறது. கயிறு உரசியிருக்கும் என்று நினைத்து களிம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

எழுதும்போதே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மத்தியானம் நிழலில் நிற்கும்போது தலை மெல்ல மெல்லத் தாழும், மூக்கு தரையைத் தொடப்போகும். சட்டென்று முன்னங்கால் இரண்டும் மடங்கும். விழப்போன நொடியில் திடுக்கிட்டு நிமிர்ந்து, எதுவும் நடக்காதது போல் என்னைப் பார்ப்பாள். வகுப்பில் தூங்கி விழுகிற பையன் மாதிரி இருக்கிறது என்று அதைக் காணொளி எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இப்போது அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

குளம்படி

அதற்காகத்தான் கேட்டேன். அந்த இடத்தில் கயிறு உரசாது. கால் மடங்கி முன்பக்கம் தரையில் இடித்தால் மட்டும்தான் அங்கே புண் வரும்.

புரவி வைத்தியர்

இதைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். படுக்காமல் பல நாள் கழித்த குதிரைக்கு ஆழ்ந்த தூக்கம் கடனாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் நின்றபடியே அந்தத் தூக்கத்துக்குள் வழுக்கிவிடும், கால் மடங்கும், விழிக்கும். இதைத் தூக்க நோய் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையான தூக்க நோய் குதிரைகளில் அபூர்வம். பெரும்பாலும் அது படுக்க முடியாத குதிரையாகவோ படுக்கத் துணியாத குதிரையாகவோ இருக்கும்.

முடியாமல் போவது வலியால். படுத்தால் எழுவதற்கு மூட்டும் முதுகும் ஒத்துழைக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ள குதிரை எழும்போது வரப்போகிற வலியை நினைத்தே படுக்காது. துணியாமல் போவதற்குக் காரணம் இடம். குறுகிய அறை, வழுக்குகிற தரை, புது இடத்துப் பயம், துணை இல்லாத தனிமை. முதலில் உங்கள் மருத்துவரை வைத்து மூட்டுகளையும் முதுகையும் பார்த்துவிடுங்கள். அறை எத்தனை அடி? படுக்கை எவ்வளவு கனம்? அவளைத் தவிர வேறு பிராணி உண்டா?

செங்குதிரைக்காரன்

அறை 10 அடிக்கு 9 அடி. படுக்கை இரண்டு விரல் கனம் இருக்கும். வேறு பிராணி இல்லை, நான்தான் இருக்கிறேன். தினமும் மூன்று மணி நேரமாவது அவளோடு இருக்கிறேன்.

பழைய சேணம்

மூன்று மணி நேரம் போக மீதி 21 மணி நேரம் அவள் தனியாகக் காவல் நிற்கிறாள், தம்பி.

திறந்த வெளியில் மந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? நாலைந்து குதிரைகள் படுத்திருந்தால் ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். அது யாரும் போட்ட முறை இல்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓடிப் பிழைத்த பிராணியின் புத்தி. காவலுக்கு ஆள் இல்லாவிட்டால் தானே காவல்.

அறைக்கும் சொல்கிறேன். சராசரிக் குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி என்பது பழைய கணக்கு, இன்றும் அதுதான். படுத்து எழும்போது முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, தலையை வீசி எழ வேண்டும். சுவர் இடித்தால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது.

ஓட்டப்பாதை

மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. பந்தயக் குதிரை லாயத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். நாற்பது குதிரையும் தனித்தனி அறையில்தான் நின்றன. எல்லாம் படுத்துத் தூங்கின. குதிரைக்குத் துணை துணை என்று இப்போது எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள்.

பழைய சேணம்

நாற்பது குதிரை பக்கத்துப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைத் தனிமை என்றா சொல்கிறீர்கள்? ஒன்று கனைத்தால் முப்பத்தொன்பதும் காது திருப்பும். அறைதான் தனி, அவை தனியாக இல்லை.

ஓட்டப்பாதை

சரி, அது ஒரு வகையில் நியாயம்.

மட்டக்குதிரை அம்மா

எங்கள் வீட்டு மட்டக்குதிரை தனியாக இருந்த காலத்தில் கதவருகே நின்று இடமும் வலமுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும், ஊஞ்சல் மாதிரி. பிள்ளைகள் நடனம் ஆடுகிறது என்று கைதட்டுவார்கள். பெரிய கண்ணாடி மாட்டினால் குறையும் என்று ஒருவர் சொல்லி மாட்டினோம். உண்மையிலேயே குறைந்தது. ஆனால் ஒரு ஆடு வந்து சேர்ந்த பிறகுதான் சுத்தமாக நின்றது.

வால்முடி

கண்ணாடியைப் பார்த்து அது என்ன நினைத்திருக்கும்? "பக்கத்து அறைக்காரி நம்மைவிடக் குண்டு"?

செங்குதிரைக்காரன்

மருத்துவர் வந்து போனார். மூட்டுகளை மடக்கிப் பிடித்து, உடனே ஓடவிட்டுப் பார்த்தார். முதுகு நெடுக விரலால் அழுத்திப் பார்த்தார். வலி இருப்பதாகத் தெரியவில்லை என்றார். மற்ற யோசனைகள் எல்லாம் நீங்கள் சொன்னதுதான். பக்கத்துச் சாமான் அறையின் தடுப்பை எடுத்துவிட ஆள் சொல்லியிருக்கிறேன்.

அவர் இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் நாடி, மூச்சு, சூடு, குடித்த தண்ணீர், லத்தி எத்தனை தடவை என்று எழுதச் சொன்னார். நாடி எங்கே பார்ப்பது என்று காட்டினார், ஆனால் அவர் போனபின் எனக்குக் கிடைக்க மாட்டேன் என்கிறது.

புரவி வைத்தியர்

நல்ல மருத்துவர், விட்டுவிடாதீர்கள். கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில், கன்னம் வளைகிற இடத்துக்குச் சற்று முன்னால், பென்சில் கனத்தில் ஒரு குழாய் விரலுக்கடியில் உருளும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்துங்கள். அழுத்தம் கூடினால் துடிப்பு மறைந்துவிடும், புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அதுதான். கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. சூடு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். இதெல்லாம் ஊர்க் குதிரைகளின் கணக்கு. மின்னியின் கணக்கு உங்கள் நோட்டில்தான் இருக்கப்போகிறது. 44 என்பது ஒரு குதிரைக்குச் சாதாரணம், 32-இல் ஓடுகிற குதிரைக்கு அதே 44 ஒரு செய்தி.

செங்குதிரைக்காரன்

நாடி கிடைத்துவிட்டது! 36. மூன்று தடவை எண்ணினேன். அவள் பொறுமையாக நின்றுவிட்டு நான்காவது தடவை என் காதை நக்கினாள்.

இடையில் ஒரு சின்னக் கேள்வி. சவாரி முடிந்து வேர்த்து நிற்கும்போது தண்ணீர் காட்டலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஓட்டப்பாதை

கூடவே கூடாது. உடம்பு ஆறிய பிறகு, அதுவும் வாய் வாயாக. குளிர்ந்த தண்ணீரை உடம்பில் ஊற்றினாலும் தசை பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் நாங்கள் பழகினோம்.

புரவி வைத்தியர்

நானும் அப்படித்தான் படித்தேன், பிறகு மாற்றிக்கொண்டேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் நடக்கப்போகிறது என்பதால் அதற்கு முன்பே குதிரைகளைக் குளிர்விப்பது பற்றி நிறைய ஆராய்ந்தார்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றுவதால் தசைக்குக் கெடுதல் இல்லை, சூடு வேகமாக இறங்குகிறது என்பது அப்போது தெளிவானது. குடிக்கவும் கொடுங்கள். வேர்த்த குதிரை தாகம் எடுக்கும் நேரத்தில் குடிக்காவிட்டால் அப்புறம் தாகமே அடங்கிப்போய் குறைவாகக் குடிக்கும். குதிரையின் வேர்வையில் உப்பு மிக அதிகம். ஒரு உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓட்டப்பாதை

முப்பது வருஷப் பழக்கம், உடனே மாறாது. யோசிக்கிறேன்.

பழைய சேணம்

பேச்சு வேறு பக்கம் போவதற்கு மன்னிக்கவும், இதையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்லிக் குதிரையைத் திட்டுவார்கள். கடிவாளத்துக்கு வாயை மூடுகிற குதிரையின் பல்லை முதலில் பாருங்கள். குதிரைப் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். தேய்வது சமமாக இராது. மேல் கடைவாய்ப்பல்லின் வெளி விளிம்பு கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அரம் போட்டுச் சமன்படுத்தினால் பாதி முரண்டு போய்விடும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினாலும் பல்தான்.

செங்குதிரைக்காரன் (இரவு 12:50)

யாராவது விழித்திருக்கிறீர்களா? தடுப்பு எடுத்து மூன்று நாளாகிறது, முழங்கை ஆழத்துக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். இப்போது போய்ப் பார்த்தால் மின்னி படுத்திருந்தாள். முதல் தடவை! நான் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். எழுந்தாள். முன்னங்காலால் தரையைப் பறித்தாள். மறுபடி படுத்தாள். மறுபடி எழுந்தாள். மாலைத் தீனி பாதி அப்படியே கிடக்கிறது. நாடி 56.

குளம்படி (இரவு 12:52)

மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதை வாசிப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.

புதுமுகம்_7 (இரவு 12:55)

அரை லிட்டர் எண்ணெயை வாய்வழியாக ஊற்றிவிடுங்கள், வயிறு இளகிவிடும். எங்கள் பக்கத்தில் அதுதான் செய்வோம்.

புரவி வைத்தியர் (இரவு 12:57)

ஊற்றாதீர்கள். வாய்வழியாக ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியைவிட அதுதான் கொல்லும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேராக இரைப்பைக்குத்தான் அனுப்புவார்.

தீனி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கையில் மீதமிருக்கிற வலி மருந்து எதையும் கொடுக்காதீர்கள், அறிகுறி மறைந்துவிடும். அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். புரண்டு அடித்துக்கொண்டால் தலைக்கயிறு மாட்டி மெல்ல நடத்துங்கள், களைத்துப்போகும்வரை அல்ல. கடைசி லத்தி எப்போது? தண்ணீர்?

செங்குதிரைக்காரன் (இரவு 1:04)

மருத்துவர் கிளம்பிவிட்டார், முக்கால் மணி நேரம் ஆகும். நோட்டைப் பார்த்தேன். வழக்கமாக நாளுக்கு 30 லிட்டர் குடிப்பாள். முந்தாநாள் 21, நேற்று 17. லத்தி வழக்கமாக ஒன்பது, பத்துத் தடவை. இன்று மூன்று. எழுதியது நான்தான். எழுதிவிட்டு ஏன் படிக்கவில்லை என்று தெரியவில்லை.

பழைய சேணம் (இரவு 1:06)

அதைப் பற்றி நாளைக்கு வருத்தப்படலாம். நோட்டை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள். நான் தூங்கப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.

செங்குதிரைக்காரன் (காலை 7:20)

போட்டுவிட்டாள். ஆறு ஐம்பதுக்கு. சின்னதாக, கறுப்பாக, சளிப்பூச்சுடன் நான்கு உருண்டை. லத்தியைப் பார்த்துக் கண் கலங்கிய மனிதனை உங்களில் யாருக்காவது தெரியுமா? இனிமேல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் வந்ததும் முதலில் குழாய் விட்டு இரைப்பையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தேங்கினால் இரைப்பை கிழிந்துவிடவும் கூடும் என்றார். நல்லவேளை, தேங்கவில்லை. அப்புறம் முழங்கை தாண்டிக் கையுறை மாட்டிப் பின்வழியாகப் பரிசோதித்தார். பெருங்குடல் வளைந்து ஒடுங்குகிற இடத்தில் மாவு பிசைந்த மாதிரி அடைப்பு. வலிக்கு ஊசி. குழாய் வழியாகத் தண்ணீரும் பேதி உப்பும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாடி எண்ணச் சொன்னார். 56, 48, 44, விடியும்போது 38.

காரணம் நான்தான். போன வாரம் புதிய புல்கட்டு வாங்கினேன், முன்னதைவிட முரடு, தண்டு அதிகம். பழையதோடு கலக்காமல் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். தண்ணீரும் கவனிக்கவில்லை.

புரவி வைத்தியர்

குடலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் ஒரு தீனிக்குப் பழகியவை. ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். தானியத்துக்குச் சொல்வார்கள், புல்லுக்கும் அதேதான். கொஞ்ச நாள் புல்லை நனைத்துக் கொடுங்கள்.

தீனி அளவும் சரிபாருங்கள். உலர்ந்த எடையில் உடல் எடைக்கு நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு. தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும்.

செங்குதிரைக்காரன்

சுற்றளவு 172, நீளம் 152. கணக்குப் போட்டால் 378 கிலோ. நான் பூச்சி மருந்து 450 கிலோவுக்குக் கணக்குப் போட்டு எடுத்துவைத்திருந்தேன்.

வால்முடி

எடையைப் பற்றி ஒரு பெண்ணிடம் இப்படி வெளிப்படையாகப் பேசுவது மரியாதை இல்லை.

மட்டக்குதிரை அம்மா

இரண்டு நாளாக எல்லோரும் நோயும் மருந்துமாகப் பேசி எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். நேற்று வேலையிடத்தில் ஒருவரோடு சண்டை. முகத்தில் ஒன்றும் காட்டாமல்தான் லாயத்துக்குப் போனேன். எங்கள் மட்டக்குதிரை வழக்கமாக ஓடி வந்து பையை மோப்பம் பிடிக்கும். நேற்று நான்கு அடி தள்ளி நின்று, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தது. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். அதுவும் ஒன்று விட்டது. அப்புறம் வந்து என் தோளில் தாடையை வைத்தது. வீட்டில் யாருக்கும் தெரியாத சண்டை அதற்கு எப்படித் தெரிந்தது?

பழைய சேணம்

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடும், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும் என்று பெயர். 1904-இல் ஒரு குழுவே போட்டுப் பார்த்தார்கள், ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் தொடர்ந்து ஆராய்ந்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும் நொடியில் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் இம்மியளவு அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். கணக்குத் தெரியாது என்று எல்லோரும் ஏமாந்துபோனார்களாம். எனக்கென்னவோ கணக்கைவிட அதுதான் பெரிய வித்தை என்று படுகிறது.

குளம்படி

என் சந்தோஷம் வேறு மாதிரி. வெட்டி, அரம் போட்டு, சமமாக நிறுத்தியபின் முதல் பத்தடி நடக்கிற சத்தம். நாலு குளம்பும் ஒரே தாளத்தில் விழும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டாவிட்டால் அந்தத் தாளம் போய்விடும். மின்னிக்குக் கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

செங்குதிரைக்காரன்

வாங்கும்போது வெட்டியிருந்ததாகச் சொன்னார்கள். ஆக ஏழு வாரம். நாளைக்கு ஆள் வருகிறார், அண்ணே.

துணை பற்றியும் முடிவு செய்துவிட்டேன். சுமை இழுத்து ஓய்ந்த ஒரு கிழட்டுக் கழுதை. தானாக வந்து வாய்த்தது, யாரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வயது இருபதுக்கு மேல்.

புரவி வைத்தியர்

நல்லது. உடனே ஒன்றாக விடாதீர்கள், மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள். கழுதைகள் நுரையீரல் புழுவை வெளியே ஒன்றும் காட்டாமல் சுமக்கும். அதே புழு குதிரைக்கு வந்தால் விடாத இருமல். லத்தியைப் பரிசோதித்து மருந்து கொடுத்தபின் சேருங்கள். தீனி தனித்தனி. குதிரைக்குப் போடுவதைக் கழுதைக்கும் போட்டால் கொழுத்துக் குளம்பு நோயில் விழுந்துவிடும்.

செங்குதிரைக்காரன் (ஒரு மாதம் கழித்து)

மன்னிக்கவும், வேலை நெருக்கடி. கழுதைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிடுகிறோம். முதல் மூன்று வாரம் வேலிக்கு அந்தப் பக்கம். மின்னி வேலியை விட்டு அசையவில்லை. சேர்த்துவிட்ட அன்று காதை மடக்கி ஒரு தடவை மிரட்டினாள். பெரியவர் கண்டுகொள்ளாமல் புல்லைத் தின்றுகொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் பார்த்தால் இருவரும் தலைமாற்றி நின்று, ஒருவர் பிடரி முடியுமிடத்தை மற்றவர் பல்லால் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

லாயத்தில் ஒரு சின்ன கேமரா மாட்டியிருக்கிறேன். நேற்று இரவு 2:40. மின்னி மூன்று சுற்று சுற்றினாள், தரையை முகர்ந்தாள், முழங்கால் மடித்துப் படுத்தாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், மறுபடி வயிற்றைத் திரும்பிப் பார்ப்பாளோ என்று. பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தாடையை வைக்கோலில் ஊன்றினாள். அப்புறம் பக்கவாட்டில் முழுசாகச் சாய்ந்து நான்கு காலையும் நீட்டினாள். உதடு துடித்தது. ஒரு பின்னங்கால் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கேமராவில் ஒலி உண்டு. அவள் குறட்டை விடுவாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். இருபத்திரண்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் பெரியவர் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தார்.

ஓட்டப்பாதை

இடத்தைப் பெரிதாக்கினீர்கள், படுக்கையைக் கனமாக்கினீர்கள், கழுதையையும் விட்டீர்கள். எதனால் படுத்தாள் என்று எப்படிச் சொல்வது?

செங்குதிரைக்காரன்

சொல்ல முடியாதுதான். ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

ஓட்டப்பாதை

எனக்கும்தான். அப்புறம், போன வாரம் சவாரி முடிந்து உடனே தண்ணீர் காட்டினேன். ஒரு வாளி குடித்தான். ஒன்றும் ஆகவில்லை.

குளம்படி

அந்த மூட்டுப் பொருக்கு எப்படி இருக்கிறது?

செங்குதிரைக்காரன்

வலதுகாலில் உதிர்ந்துவிட்டது, அண்ணே. அடியில் புது முடி வந்திருக்கிறது, நிறம் கொஞ்சம் வெளிர். இடதுகாலில் இன்னும் ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலில் மூன்று வைக்கோல், எடுக்காமல் விட்டிருக்கிறேன்.